கிணற்றில் போட்ட காசு யாருடையது

நான் ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் வங்கியின் திகன கிளைக்கு என் ஞாபகம் வருடத்துக்கு ஒரு முறை வரும். சேமிப்பு வாரம் நெருங்கும்போது வரும். என் கதிரையில் இப்போது இருக்கும் கௌசல்யா போன் எடுத்துச் சுகம் விசாரிப்பாள். இரண்டாவது நிமிடத்தில் வேலையைச் சொல்வாள். இந்த முறை போனுக்கு முன்னால் ஒரு குட்டிப் படத்தையும் அனுப்பியிருந்தாள். தலைமைக் காரியாலயம் சிறுவர் சேமிப்புக்காகச் செய்த கார்ட்டூன். நரைத்த மீசையோடு ஒரு தகப்பன், இறுக்கமான ஜீன்ஸ் போட்ட ஒரு மகன், நடுவில் ஒரு கிணறு. தகப்பன் காசைக் கிணற்றில் எறிகிறார், மகன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கடைசியில் கிணற்றுக்குள்ளிருந்து எங்கள் வங்கியின் சின்னம் மெதுவாக மேலே எழும்பி வருகிறது. காசு தொலைந்து போன இடத்திலிருந்து வங்கி எழும்பி வந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

"மிஸ், சேமிப்பு மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை எழுதித் தாங்க. இந்தக் கெணத்துக் கதையப் பத்தியே எழுதுங்க. நீங்க எத்தனையோ தடவ புள்ளைங்களுக்குச் சொல்லியிருக்கீங்கதானே. கடைசியில ஒரு படிப்பின வர்ற மாதிரி இருந்தா நல்லது" என்றாள்.

எழுதுகிறேன் என்றேன். படிப்பினைக்கு மட்டும் நான் பொறுப்பில்லை என்றும் சொல்லி வைத்தேன். அவள் சிரித்தாள். கட்டுரையை வாசித்த பிறகும் அவள் சிரித்தால் சந்தோஷம்தான்.

கதை தெரியாதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஊரில் ஒரு வியாபாரி. அவருக்கு ஒரே மகன், வேலைவெட்டி எதற்கும் வளையாதவன். தகப்பனுக்கு வயதாகிறது. கடைச் சாவியை இவன் கையில் கொடுத்தால் ஒரு மாதத்தில் கடையை விழுங்கிவிடுவான் என்ற பயம் அவருக்கு. "நீயாக உழைத்து ஒரு காசு கொண்டு வா, பிறகு சாவியைப் பற்றிப் பேசலாம்" என்கிறார். மகன் நேரே அம்மாவிடம் போகிறான். அம்மா தன்னிடம் இருந்த ஒரு காசை எடுத்துக் கொடுத்து, "பொழுது சாயும்வரை எங்கேயாவது சுற்றிவிட்டு இதைக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடு" என்கிறாள். தகப்பன் காசை வாங்குகிறார், புரட்டிப் பார்க்கிறார், கிணற்றில் எறிகிறார். மகன் எதுவும் நடக்காதது போலச் சாப்பிடப் போகிறான். அடுத்த நாளும் அதே கதை. ஒரு கட்டத்தில் அம்மாவிடம் காசு தீர்ந்து போகிறது. வேறு வழியில்லாமல் மகன் மூட்டை தூக்கி ஒரு காசு சம்பாதிக்கிறான். தகப்பன் அதையும் எறியக் கையை ஓங்கும்போது, "முதுகு ஒடிய உழைத்த காசு அப்பா" என்று பதறிக்கொண்டு ஓடி வந்து கையைப் பிடிக்கிறான். தகப்பன் முகம் மலர்கிறது. "இப்போதுதான் உனக்குக் காசின் அருமை தெரிந்தது" என்று சாவியைக் கொடுக்கிறார். கதை முடிந்தது, பிள்ளைகள் கை தட்டுவார்கள், நாங்கள் உண்டியல் கொடுப்போம்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பெயர் ராஜேஸ்வரி. வங்கிப் பரீட்சை பாஸ் பண்ணிக் கண்டி நகரக் கிளையில் பயிலுநராகச் சேர்ந்தபோது, எங்கள் லயத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் எனக்கு மாலை போட்டார்கள். நான்தான் வங்கியையே வாங்கிவிட்டேன் என்று சிலர் நினைத்திருக்கலாம். பயிற்சிக் காலத்தில் உதடு அசையாமல் தாள் எண்ணப் பழகினேன். முகத்தைப் பார்க்க முன் கையொப்பத்தைப் பார்க்கப் பழகினேன். ஒருவருடைய கணக்கில் என்ன இருக்கிறது, யார் போட்டார், யார் எடுத்தார் என்பதைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லாமல் இருக்கப் பழகினேன். மூன்றாவதுதான் கஷ்டம். என் அம்மா ஊர் வம்பு கேட்காமல் தேத்தண்ணி குடிக்க மாட்டார்.

திகனவுக்கு மாற்றலாகி வந்தபோது அங்கே முகாமையாளராக இருந்தவர் பரமநாதன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சேர்ட், வலது பையில் மடித்த கைக்குட்டை, ஒரு நாளும் உயராத குரல். அவர் யாரையும் ஏசியதை நான் பார்த்ததில்லை. பிழை விட்டால் அறைக்குள் கூப்பிடுவார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். "இருங்கோ பிள்ளை" என்பார். பிறகு ஒரு கதை சொல்லுவார். ஏச்சு வாங்கினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், கதை அரை மணித்தியாலம் எடுக்கும். கடன் கேட்டு வந்த எத்தனையோ பேர் கடன் கிடைக்காமல், ஆனால் ஒரு கதை கிடைத்துத் திரும்பியிருக்கிறார்கள். கோபித்துக்கொண்டு போனவர்கள் குறைவு. வெளியே போய், பஸ்ஸில் ஏறி, வீட்டுக்குக் கிட்ட வந்த பிறகுதான் கடன் கிடைக்கவில்லை என்பது அவர்களுக்கு உறைக்கும் என்று நினைக்கிறேன்.

கிணற்றுக் கதைக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். சேமிப்பு வாரத்தில் பள்ளிப் பிள்ளைகள் வந்து வரிசையாக உட்கார்ந்ததும், காவலாளி ஒரு நீல வாளியில் தண்ணீர் கொண்டு வந்து நடுவில் வைப்பார். அதுதான் கிணறு. சேர் சில்லறைச் செலவுக் காசிலிருந்து ஐந்து ரூபாய் நாணயக் குற்றி ஒன்றை எடுத்து, அதற்குச் செலவுத் துண்டும் எழுதி வைத்துவிட்டு, கதையின் சரியான இடத்தில் அதை வாளிக்குள் போடுவார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் போன பிறகு சேர் சட்டைக் கையை மடித்துவிட்டு வாளிக்குள் கையை விட்டு, காசை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்து, திரும்பச் சில்லறைப் பெட்டிக்குள் வைத்து, துண்டைக் கிழித்துப் போடுவார். கதையில் வரும் தகப்பனுக்கு இந்த வசதி இருக்கவில்லை.

சேர் லீவில் போன வருடங்களில் வாளி என் தலையில் விழுந்தது. நானும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குள் ஒரு அரிப்பு வந்தது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும் அந்த வரிசையில் இருப்பார்கள். அவர்களுடைய அம்மாமார் காலையில் மலையேறிக் கொழுந்து பறித்து, சம்பளத்தில் வெட்டியது போக மீதியைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைப்பவர்கள். காசின் அருமையை அவர்களுக்கு விளங்கப்படுத்த நாங்கள் வாளியும் தண்ணியுமாக நின்றோம். எங்கள் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்கு இந்த வாளியை யாரும் ஒரு நாளும் கொண்டு போனதில்லை. சேமிப்பைப் பற்றி உபதேசம் கேட்க வேண்டியவர்கள் எப்போதும் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லாதவர்களாகவே இருப்பது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இருந்தாலும் கதை கதைதான் என்று இருந்தேன். ரஷீத் ஹாஜியார் அதைக் கேட்கும்வரை.

ஹாஜியாருக்குத் திகன டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடை. ஆணியிலிருந்து கூரைத் தகடுவரை எல்லாம் இருக்கும். கை சுத்தமான மனுஷன். வட்டி தொடமாட்டார் என்பதால் நடைமுறைக் கணக்கு மட்டும்தான் வைத்திருந்தார். வட்டி கொடுக்கத் தேவையில்லாத வாடிக்கையாளரை எந்த முகாமையாளருக்குத்தான் பிடிக்காது. ஹாஜியார் வந்தால் பரமநாதன் சேர் எழுந்து நின்று வரவேற்பார், தேத்தண்ணி வரும், பிறகு கதை வரும். ஒரு நாள் ஹாஜியார் தன் மகன் இர்ஷாதைப் பற்றிக் கவலைப்பட்டார். இருபத்திரண்டு வயது, கடைக்கு வருவதில்லை, பைக்கும் போனுமாகத் திரிகிறான், கடையை எப்படி இவன் கையில் கொடுப்பது என்றார். சேருக்குக் கண் மலர்ந்திருக்க வேண்டும். வாளி இல்லாமலேயே அன்றைக்குக் கிணற்றுக் கதை அறைக்குள் முழுதாக நடந்தது. ஹாஜியார் வெளியே வரும்போது தலையை ஆட்டிக்கொண்டே போனார். மற்றவர்களுக்குக் கதை பஸ்ஸோடு போய்விடும். இவர் அதை வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை பரீதா உம்மா என் கவுண்டருக்கு வந்தார். ஹாஜியாருடைய மனைவி. அவருக்கு எங்களிடம் தனியாக ஒரு கணக்கு இருந்தது. அலவத்துகொடவில் அவருடைய தகப்பன் விட்டுப்போன காணியை விற்றபோது அவருக்கு வந்த பங்கு அது. அவர்களுடைய மார்க்கப்படி அந்தக் காசில் கணவனுக்கு ஒரு சதம் பாத்தியதை கிடையாது. அதை அவர் தொட்டதே இல்லை. அக்காவோடு சேர்ந்து மக்காவுக்கு உம்ராப் பயணம் போக வைத்திருக்கிறேன் என்று கணக்கு ஆரம்பித்த நாளே சொன்னவர்.

"ஐநூறு ரூவா தாள்ல ஒரு கட்டு எடுக்கோணும் மிஸ்" என்றார்.

"உம்ராவுக்குக் கட்டப் போறீங்களா உம்மா?"

"இல்ல. மகனுக்கு ஒரு அவசரம்" என்றார், பெரிய சந்தோஷம் இல்லாத குரலில்.

கையொப்பம் பார்த்தேன். தமிழில் ஒவ்வொரு எழுத்தாக வரைந்து வைப்பார், மாறவே மாறாது. கட்டை எடுத்துக் கொடுத்தேன். இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். நூறு தாள் எண்ணியதும் அதற்கு ஒரு கடதாசிப் பட்டி சுற்றி, முத்திரை குத்தி, எண்ணியவர் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். கட்டில் ஒரு தாள் குறைந்தாலும் ஒப்பம் வைத்தவர் தலையில்தான் விழும். நான் 'ரா' எழுதி அதன் காலை நீட்டி இழுத்துவிடுவேன். பார்த்த உடனே என்னுடையது என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகை முடிந்து ஹாஜியார் வந்தார். கடைக் காசோடு ஐநூறு ரூபாய்த் தாளில் ஒரு கட்டையும் நீட்டினார். பட்டி பிரிக்கவில்லை. அதில் என்னுடைய 'ரா' காலை நீட்டிப் படுத்திருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தகப்பன் கேட்கிறார், தாய் கொடுக்கிறாள், மகன் கொண்டு போகிறான். ஒரே ஒரு வித்தியாசம். ஹாஜியார் வீட்டுக் கிணற்றைப் பல வருடத்துக்கு முன்னாலேயே மூடிக் குழாய்த் தண்ணீர் எடுத்துவிட்டார்கள். அதனால் அவர் காசைத் தன் கணக்கில் எறிந்துகொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாயும் அவர் வந்தார், அடுத்த வெள்ளியும் இவர் வந்தார். காசு என் கையிலிருந்து புறப்பட்டு, மூன்று பேர் கை மாறி, மூன்றே நாளில் என் கைக்கே திரும்பி வந்தது. நடுவில் இர்ஷாதை ஒரு நாள் வாசலில் கண்டேன். "தம்பி, இப்ப என்ன தொழில்?" என்று சும்மா கேட்டேன்.

"வாப்பா கேக்குறார், உம்மா தாராங்க, நான் கொண்டு போய்க் குடுக்குறேன் மிஸ்" என்றான் சிரித்துக்கொண்டு. "கூரியர் வேல மாதிரி. கமிஷன் மட்டும் இல்ல."

அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வீட்டில் உண்மை பேசியவன் அவன் ஒருவன்தான். ஆனால் பரீதா உம்மாவின் கணக்கு இறங்கிக்கொண்டே போனது. உம்ராக் குழுவுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் கிட்டிக்கொண்டிருந்தது. அவரிடம் நான் ஹாஜியாருடைய கணக்கைப் பற்றிப் பேச முடியாது. ஹாஜியாரிடம் இவருடைய கணக்கைப் பற்றிப் பேச முடியாது. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் சிரித்த முகத்தோடு தாள் எண்ண வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பரமநாதன் சேரின் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்ற முன்னமே விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

"உது அவையின்ர குடும்ப விசயம் பிள்ளை" என்றார். "நாங்கள் தலையிட ஏலாது."

"கதைய வீட்டுக்குள்ள அனுப்புனது நாமதானே சேர்."

"கதையிலையும் தாய்தானே காசு குடுக்கிறா. கடைசியிலை எல்லாம் நல்லா முடியும்."

"அதத்தான் சேர் கேக்குறேன். அந்தக் கதையில கெணத்துக்குள்ள போனது யாரோட காசு?"

அவர் பேனையை எடுத்தார், மூடியைக் கழற்றினார், திரும்ப மூடினார். எத்தனை வருடம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பார். தகப்பனுடைய புத்தியைப் பற்றிச் சொன்னார், மகனுடைய முதுகைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மா எங்கிருந்து காசு சேர்த்தாள், எதற்காக வைத்திருந்தாள், தன் காசு தண்ணீருக்குள் போகும் சத்தம் கேட்டபோது எங்கே நின்றாள் என்று ஒரு முறையும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. மகனைத் திருத்தத் தகப்பன் ஒரு சதமும் செலவழிக்கவில்லை, முழுச் செலவும் அவளுடையது.

"அது கதை, பிள்ளை" என்றார் சேர் கடைசியில். அன்றைக்கு அவர் எனக்குக் கதை சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பரீதா உம்மா ஒரு கட்டை எடுத்துக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு கட்டு எடுத்தால் கணக்கில் பெயருக்கு மட்டும்தான் மிஞ்சும். அவர் கண் கலங்கியிருந்தது. "இன்னொரு தடவ வரோணும் போல ஈக்கிது. எப்ப வந்தா லேசு மிஸ்?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கெழம ரெண்டு மணிக்கு வாங்க உம்மா. அப்ப நான் கவுண்டர்ல இருப்பேன்" என்றேன்.

வாடிக்கையாளருக்கு வங்கி நேரத்தைச் சொல்லக்கூடாது என்று எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை. வேண்டுமானால் தேடிப் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடைக்காரர்கள் எல்லோரும் வந்து வரிசை வாசல்வரை நின்றது. ஹாஜியார் முன்னால் வந்து கடைக் காசையும் கட்டையும் வைத்தார். நான் கட்டைக் கையில் எடுத்தேன். முத்திரை குத்த அவசரப்படவில்லை. வங்கியில் முத்திரை விழும்வரை காசு வாடிக்கையாளருடையது. பரீதா உம்மா உள்ளே வந்து வரிசையைப் பார்த்தார், பிறகு கணவனைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார்.

"இது என்ட சல்லி" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஹாஜியார் திரும்பினார். "நீ எங்க இங்க?"

"செவ்வாக்கெழம நான் எடுத்த கட்டு. மிஸ்ட கையெழுத்து ஈக்கிது பாருங்க."

ஹாஜியார் மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. "தெரியும்" என்றார். "மொத வாரமே தெரியும். பாங்க் பட்டியோட எவன் சல்லி ஒழச்சிக் கொண்டு வாரான்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"தெரிஞ்சிக்கிட்டா வாங்கினீங்க?"

"கதைல வாப்பாக்கும் தெரியும்தானே."

"என்ன கதை?" என்று கேட்டார் பரீதா உம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கதைக்குச் செலவழித்துக்கொண்டிருந்த ஒரே ஆளுக்கு யாரும் கதையைச் சொல்லவே இல்லை. ஹாஜியார் முகாமையாளரின் அறைப் பக்கம் தாடையைக் காட்டினார். பரமநாதன் சேர் ஏற்கெனவே வாசலில் வந்து நின்றார்.

"கதைய பொறகு கேக்குறேன்" என்றார் பரீதா உம்மா. "முன்னுக்கு எடுத்த சல்லியெல்லாம் எங்க?"

"கடைல."

"கடைல எங்க?"

ஹாஜியார் தொப்பியைச் சரி செய்தார். "ஒரு லொறி சீமெந்து எறக்கினேன்."

"என்ட வாப்பா மௌத்தாகி வந்த பங்கு அது. உம்ராவுக்குன்னு வெச்சீந்தேன். மகனுக்குக் கடை கெடைக்கட்டும்னு மனச அடக்கிக்கிட்டுக் குடுத்தேன். நீங்க சீமெந்து எறக்கினீங்க." கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. வட்டி என்று ஒரு சதம் தொடாத மனிதர், மனைவியின் முதற்பணத்தை முழுதாகத் தொட்டிருக்கிறார், அது அவருக்குக் கையில் ஒட்டியதாகவே தெரியவில்லை.

"வேற என்னத்துக்கும் எடுத்தேனா? எல்லாம் கடைசில மகனுக்குத்தானே" என்றார் ஹாஜியார். குரலில் பழைய பலம் இல்லை.

"இப்ப கதையச் செல்லுங்க" என்றார் பரீதா உம்மா, சேரைப் பார்த்து.

பரமநாதன் சேர் தொண்டையைச் செருமினார். ஆரம்பிக்க முடியவில்லை. நான்தான் சொன்னேன். கவுண்டருக்கு உள்ளே இருந்து, கையில் கட்டோடு, வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கச் சுருக்கமாகச் சொன்னேன். பரீதா உம்மா ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"அந்த உம்மாட சல்லி கெணத்துல போகக்குள்ள அந்த உம்மா எங்க ஈந்தா?"

"அது கதையிலை சொல்லேல்லை" என்றார் சேர் மெதுவாக.

"சரி. கடைசில யாருக்குக் கடை?"

"காசு போகேக்கை ஆர் பதறினவையோ, அவைக்கு."

"அப்ப இண்டைக்கி பதறினது யாரு?"

அந்த நேரம் பார்த்து இர்ஷாத் ஹெல்மெட்டும் கையுமாக உள்ளே வந்தான். "உம்மா, முடிஞ்சா? பைக்க நிப்பாட்டக் கூடாத எடத்துல வெச்சீக்கிறேன்" என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. ஹாஜியாருக்குக்கூட மீசை துடித்தது. அவர் என்னைப் பார்த்து, "அந்தக் கட்ட அவங்கட கணக்குல போடுங்க மிஸ்" என்றார். நான் புது வைப்புத் துண்டு எழுதி முத்திரை குத்தினேன். என் வேலைக் காலத்தில் அவ்வளவு பலமாக நான் முத்திரை குத்தியதில்லை.

ஆனால் ஒரு கட்டுத்தான் திரும்பியது. மற்றதெல்லாம் மூட்டையாகக் கடைக்குள் இருந்தது. "வித்துத் தாரேன்" என்றார் ஹாஜியார், "இப்ப கட்டட வேல கொஞ்சம் மந்தம்."

"மழ வந்தா சீமெந்து கல்லாகிப் போகும். விக்கிற வரைக்கும் நான் கடைல கல்லாவுல ஈக்கிறேன்."

"ஹார்ட்வெயார் கடைல பொம்பள ஈந்தா ஊர் என்ன செல்லும்?"

"என்ட சல்லி இத்தன நாளா ஹார்ட்வெயார் கடைலதானே ஈந்திச்சி. அதுக்கு ஊர் ஒண்ணும் செல்லல்ல."

அந்த வருட உம்ராக் குழு பரீதா உம்மாவை விட்டுவிட்டுத்தான் போனது. அவருடைய அக்கா மட்டும் போனார். எங்கள் கிளையில் எல்லோரும் நடந்ததை ஒரு நல்ல பகிடியாகச் சொல்லிச் சிரித்தபோது, எனக்கு அது ஒன்றுதான் மனதில் குத்தியது. கதை சொன்ன எங்களுக்கு அந்த மாதம் வைப்பு இலக்கு எட்டியதென்று பாராட்டுக் கடிதமும் வந்தது.

பரீதா உம்மா கல்லாவில் உட்கார்ந்தார். கடனுக்குக் கேட்டவர்களிடம் எப்போது தருவீர்கள் என்று நாளைக் கேட்டார், அந்த நாளில் ஆளனுப்பினார். சீமெந்து மழைக்கு முன்னால் தீர்ந்தது. அவர் காசு முழுதாக அவர் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வருடம் உம்ராவுக்குப் போய் வந்து எங்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்தார். சேருக்குக் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்தார். இனி மனைவி வீட்டோடு இருப்பார் என்று ஹாஜியார் எதிர்பார்த்திருக்கலாம். பரீதா உம்மா நேரே கடைக்குப் போனார்.

கொஞ்ச நாளில் இரண்டு பேரும் சேர்ந்து வங்கிக்கு வந்தார்கள். கடைக் கணக்கில் பரீதா உம்மாவின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று சொன்னவர் ஹாஜியார்தான். கடை வரவு கூடியிருந்ததை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார். பரமநாதன் சேர் கையொப்ப மாதிரி அட்டையை எடுத்து வைத்து, வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"காசு எடுக்கிறதெண்டால் ஒருத்தற்ற கையெழுத்துப் போதுமோ, இல்லாட்டி ரெண்டு பேற்றையும் வேணுமோ?"

"ஒராள் போதும்" என்றார் ஹாஜியார். "அவசரத்துக்கு லேசு."

"ரெண்டு பேரும்" என்றார் பரீதா உம்மா.

சேர் யாருடைய முகத்தையும் பார்க்காமல் எழுதினார். பிறகு, "தம்பியின்ர பேரும் சேர்ப்பமோ?" என்று கேட்டார்.

"அவன் இப்ப கடைல ஆணி நிறுக்கிறான் சேர். சம்பளம் நான் குடுக்கிறேன். மொத சம்பளத்தக் கொண்டு வந்து என்ட கைல வெச்சான். வாங்கி, எண்ணிப் பாத்து, அவன்ட கைலயே குடுத்திட்டேன். ஒழச்ச சல்லிய எறிஞ்சி பாத்துத்தானா வெளங்கோணும்?" என்றார் பரீதா உம்மா.

சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கதை ஒன்றும் வரவில்லை. பரீதா உம்மா அட்டையில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை வரைந்து முடித்துப் பேனையைக் கணவன் பக்கம் தள்ளினார். ஹாஜியார் அந்தக் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சேருக்கும் எனக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"நான் கேட்டு வந்தா, கையெழுத்துப் போட்டுத் தருவதானே?"

"என்னத்துக்குன்னு செல்லுங்க" என்றார் அவர். "கேட்டுட்டுப் போடுறேன்."